கார்க் கூரையில் தேங்காய் எண்ணெய்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஜெர்சி சிட்டியில் குடியிருந்தோம். எங்களிடம் இருந்தது ஒரே கார். அதற்குத் துணிக் கூரை. வெயில் காலத்துக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு கார் வைத்துக்கொள்ள எங்களால் முடியாது. எனக்கு அந்த ஆசையும் இருக்கவில்லை. வருஷம் முழுவதும் அதையே ஓட்டினேன். சாலை காய்ந்து வானம் தெளிந்திருந்தால் ஜனவரியிலும் கூரையை இறக்கிவிட்டுத்தான் ஓட்டினேன். போகிற இடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமைக்காக என் மனைவியின் மூச்சைப் பணயம் வைத்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

காரை என் அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் அமெரிக்கர் விற்றார். கூரை இறங்கும் காரை விற்க நினைப்பவர்கள் வசந்தம் வரை காத்திருப்பார்கள். அவருக்கு ஏதோ அவசரம், அக்டோபரிலேயே விற்றார். கருநீல உடம்பு, வெள்ளைக் கூரை. சாவியோடு ஒரு சின்ன டப்பாவையும் கொடுத்து, கூரையின் மூட்டுகளுக்கு இந்த எண்ணெயை மட்டும் போடு, வேறு எதையும் போடாதே என்றார். வாங்கி டிக்கியில் போட்டேன். அது எப்போது தீர்ந்தது என்று எனக்கு நினைவில்லை.

நாங்கள் தமிழ்க் கிறிஸ்தவர்கள். ஓர் அமெரிக்க சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் ஞாயிறு மதியங்களில் தமிழில் ஆராதனை நடத்திக்கொள்ளும் சில குடும்பங்களில் நாங்களும் ஒன்று. அங்கே என் கார் எல்லோர் வாயிலும் விழுந்து எழுந்தது. மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பிரம்மச்சாரித் தம்பி முதல் நாளே கேட்டான்: "அண்ணே, ஃப்ரிட்ஜுக்கு வீல் மாட்டி ஓட்டுதீங்களே, உள்ள பால் கெடாம இருக்குமா?"

"ஹீட்டர் இருக்குடா அதுல."

"ஃப்ரிட்ஜுக்குள்ள ஹீட்டரு. நல்லா வெளங்கும்."

கேலி செய்தவர்கள் யாரும் அதில் ஒரு பனிக்காலக் காலையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பக்கக் கண்ணாடிகளை முழுக்க ஏற்ற வேண்டும். ஹீட்டரைக் காலடிக்குத் திருப்பி முழு வேகத்தில் வைக்க வேண்டும். காதை மூடும் கம்பளித் தொப்பி வேண்டும். இவ்வளவும் செய்துகொண்டால் இடுப்புவரை வெந்நீரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்; குளிர் நெற்றியில் மட்டும் நிற்கும். வண்டி ஓடும்வரை காற்று தலைக்கு மேலே போய்விடும். சிக்னலில் நின்றால்தான் உள்ளே இறங்கும். அதனால் எல்லா சிக்னலும் பச்சையாக இருக்க வேண்டும் என்று ஜெபம் செய்யாத குறையாக ஓட்டுவேன். பனிக்காலத்துக்கு வாசனை உண்டு என்பதே எனக்கு அந்தக் காரில்தான் தெரிந்தது. வீடுகளின் புகைபோக்கியிலிருந்து விறகுப் புகை. பாலத்தில் ஏறினால் ஆற்றின் உப்பு. பனி விழப்போகும் மதியங்களில், ஈர இரும்பை முகர்ந்தால் வருவதுபோல் ஒன்று.

அந்தக் காரைப் பேணுவதும் எனக்குப் பிடித்திருந்தது. துணியில் விழுந்த பனியைச் சுரண்டக் கூடாது, மெல்லிய துடைப்பத்தால் தள்ளிவிட வேண்டும். பின்பக்கம் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். குளிரில் விறைத்திருக்கும்போது மடித்தால் விரிசல் விடும். அதனால் எங்கள் அபார்ட்மெண்டின் அடித்தளக் கராஜில், அந்தக் கதகதப்பில், கூரையை இறக்கி மடித்த பிறகே வெளியே எடுப்பேன். நான் படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். இப்படிப்பட்ட விதிகள் எனக்குச் சந்தோஷம் தந்தன.

என் மனைவி நாகர்கோவில்காரி. கல்யாணமாகி வந்த முதல் பனிக்காலத்தில் அவளுக்கும் அந்தக் கார் பிடித்திருந்தது. சனிக்கிழமைகளில் தெற்கே கடலோரம் போவோம். கடைகள் அடைத்துக் கிடக்கும், மரப்பலகை நடைபாதையில் ஓர் ஆள் இருக்காது. அவள் பாட ஆரம்பிப்பாள். நல்ல சாரீரம், மேல் ஸ்தாயியில் சிரமமில்லாமல் நிற்கும். அபார்ட்மெண்டில் பாடினால் கீழ் வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டுவார்.

"இங்க எவ்வளவு சத்தமா பாடுனாலும் தட்ட ஆளில்ல பாத்தீங்களா," என்பாள். "தட்டுறதுக்குக் கூரையே இல்ல."

இரண்டாவது பனிக்காலத்தில் அவளுக்கு வீசிங் வந்தது. படியேறினால் மூச்சில் ஒரு விசில் கேட்கும். எங்கள் சபையில் ஒரு டாக்டர் ஆன்ட்டி இருந்தார், ஐம்பது வயதுக்காரர், யாரிடமும் சுற்றி வளைத்துப் பேசாதவர். அவர்தான் பரிசோதித்து, இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, அவளைப் பார்த்துச் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கோல்ட் ட்ரை ஏர்தான் இவளுக்கு ட்ரிக்கர். மூஞ்சில நேரா படக் கூடாது. ஓப்பன் கார் எல்லாம் சம்மர்ல வெச்சுக்கோ."

தலையாட்டினேன். மூன்று வாரம் கூரையை ஏற்றி வைத்தேன். அப்புறம் ஒரு நல்ல வெயில் நாள் வந்தது. "காத்து தலைக்கு மேலதான் போகுது. ஹீட்டர் இருக்கு, மஃப்ளர் இருக்கு. இறக்கட்டுமா?" என்றேன்.

"உங்க இஷ்டம்," என்றாள்.

தமிழ் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த இரண்டு சொற்களின் அர்த்தம் தெரியும். என் அம்மா அப்பாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அக்கா அத்தானிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேண்டாம் என்று அர்த்தம். நான் வேண்டாம் என்று சொல்லி உங்களோடு மல்லுக்கு நிற்கப் போவதில்லை, நீங்களாகப் புரிந்துகொள்ளுங்கள் என்று அர்த்தம். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, ஏதோ வேற்று மொழிக்காரன் அகராதியைப் பார்த்துப் பொருள் எடுப்பதுபோல், என் இஷ்டம் என்றே எடுத்துக்கொண்டு கூரையை இறக்கினேன். அந்தப் பனிக்காலத்தில் பல தடவை இப்படி நடந்தது. மூன்றாவது பனிக்காலமும் வந்தது.

அந்த டிசம்பரில் சபையில் கேரல் ரவுண்ட்ஸ் போகலாம் என்று முடிவானது. ஊரில் கிறிஸ்துமஸுக்கு முன்பு பாடகர் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும் வழக்கம். ஊரில் நடந்தே போய்விடலாம். இங்கே ஒரு தமிழ் வீட்டுக்கும் அடுத்த தமிழ் வீட்டுக்கும் நடுவே ஒரு நெடுஞ்சாலை கிடக்கும். ஊரில் போவதுபோல் நடுராத்திரியில் போனால் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிடுவார் என்பதால் ஞாயிறு மதியம் என்று வைத்தோம். கிறிஸ்துமஸ் தாத்தாவாக மார்த்தாண்டத்துத் தம்பி. தாத்தா எழுந்து நின்று கையாட்ட வேண்டுமென்றால் எந்த வண்டி வேண்டும் என்று யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை. அத்தனை நாள் கேலி செய்தவர்கள் எல்லோரும் என் காரைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்துக்காகவே நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன் என்று தோன்றியது.

என் மனைவிக்கும் அந்தக் கிறிஸ்துமஸில் ஒன்று இருந்தது. பண்டிகை ஆராதனையில் முதல் கீர்த்தனையைத் தனியாகப் பாட அவளைத்தான் கேட்டிருந்தார்கள். நவம்பரிலிருந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீர் ஆவியில் நின்று, நீண்ட வரி ஒன்றை ஒரே மூச்சில் முடிக்கப் பழகிக்கொண்டிருந்தாள். முடித்த நாளில் வெளியே வந்து விரலை உயர்த்திக் காட்டுவாள். முடியாத நாளில் தலை துவட்டிக்கொண்டு பேசாமல் போவாள்.

முந்தின நாள் கராஜில் காரைத் துடைத்தேன். கூரையின் இரும்புக் கைகள் மடங்கும் மூட்டுகள் கிறீச்சிட்டன. டிக்கியில் கிடந்த எண்ணெய் டப்பா காலி. மேலே போய் சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். எங்கள் வீட்டில் கதவுக் கீலுக்கும் பூட்டுக்கும் தையல் மிஷினுக்கும் அதுதான். பஞ்சில் நனைத்து ஒவ்வொரு மூட்டிலும் தாராளமாக விட்டேன். கிறீச் நின்றது. கூரை வெண்ணெய்போல் இறங்கியது.

ஜெர்சியில் டிசம்பரில் தேங்காய் எண்ணெய் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தினமும் காலையில் என் மனைவி அந்தப் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி உருக்கித்தான் தலைக்கு வைப்பாள். அன்றைக்கும் அவள் உருக்கி வைத்த பாட்டிலைத்தான் எடுத்தேன்.

ஞாயிறு புறப்படும்போதே டாக்டர் ஆன்ட்டி, என் மனைவி தன்னுடைய ஸ்டேஷன் வேகன் காரில் வரட்டும் என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். பட்டுப்புடவைமேல் கோட்டு, கழுத்தில் மஃப்ளர், பக்கத்தில் அவள். பின்னால் சிவப்பு உடுப்பில் தாத்தா. மடித்த கூரைமேல் வண்ணக் காகிதத் தோரணம். அவள் என் பக்கத்தில் இருந்தால்தான் அந்தக் காட்சி முழுமையாகும் என்று நினைத்தேன்.

முதல் வீட்டில் வாசலில் நின்று பாடினோம். இரண்டாவது சரணத்தில் அவள் இருமினாள். அந்த வீட்டம்மா கொடுத்த அச்சுமுறுக்கை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். வெயில் போய்விட்டது. மேகம் இறங்கியிருந்தது. எனக்கே பயமாக இருந்தது. கூரையை ஏற்றிவிடலாம் என்று நானும் தம்பியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பாதி எழுந்து நின்றுவிட்டது. எவ்வளவு தூக்கியும் மேலே போகவில்லை.

தம்பி மூட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். விரலில் வெள்ளையாக ஒட்டியது. முகர்ந்தான்.

"அண்ணே, இது என்னது, சடை வாசன அடிக்கி?"

"குளிருக்குத் துணி இறுகிடுச்சு. அதான்."

"துணியில இல்லண்ணே, இரும்புல. கூரைக்கு எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனீங்களா?"

என் மனைவி திரும்பி அந்த வெள்ளையைப் பார்த்தாள். "ஏங்க, தெனமும் நான் அத உருக்குறத நீங்க பாத்ததே இல்லையா?" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் விசிலாகி நின்றது.

டாக்டர் ஆன்ட்டி வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "இப்பவாவது இவள என் வண்டில ஏத்து."

பாதியில் நின்ற கூரையோடு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தாத்தாவை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் போவதா என்று எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. அவளைப் பார்த்து, "நீ என்ன சொல்ற? அடுத்த வீடு ஒரே எக்ஸிட்தான்," என்றேன். கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது.

"உங்க இஷ்டம்."

"என்கூடவே வரட்டும் ஆன்ட்டி. அஞ்சு நிமிஷம்."

கூரையை மறுபடி கீழே தள்ளி மடித்தோம். டர்ன்பைக் என்ற நெடுஞ்சாலையில் ஏறினோம். ஸ்டேஷன் வேகன் பின்னால் வந்தது. கிறிஸ்துமஸ் நெரிசல், வண்டிகள் ஊர்ந்தன, நின்றன, ஊர்ந்தன. முன்பே சொன்னேன், ஓடும்வரைதான் அந்தக் காரில் கதகதப்பு. நின்றால் குளிர் மேலிருந்து கொட்டும். அவள் மஃப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டு, பின் சீட்டில் கிடந்த கைப்பையை எடுத்து, இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். மதியம் முழுவதும் திறந்த காரில் கிடந்து விறைத்திருந்த டப்பா. சீறவில்லை, லேசாக ஊதியது. மறுபடி அழுத்தினாள். அவள் தோள்கள் காதுவரை ஏறி இறங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

பக்கத்து லேனில் ஒரு வண்டியிலிருந்து குழந்தைகள் தாத்தாவைப் பார்த்துக் கையாட்டினார்கள். ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நான் கையாட்டினேன். அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது நான் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். அந்தக் கை இப்போது இதை எழுதுகிறது.

தாத்தா கையாட்டவில்லை. "அண்ணே, ஓரங்கட்டுங்க. அக்காவுக்கு முடியல."

"எக்ஸிட் வந்துடும்டா."

"அண்ணே."

கண்ணாடியில் பார்த்தேன். அவன் பஞ்சுத் தாடியைக் காதிலிருந்து கழற்றி, முன்னால் சாய்ந்து, அவள் மூக்கையும் வாயையும் அதைக்கொண்டு மூடிப் பிடித்திருந்தான். "அக்கா, இதுக்குள்ளயே மூச்சு விடுங்க, சூடா இருக்கும். மெதுவா. என்னைய மாதிரி ஹோ ஹோன்னு விடுங்க." அவள் சிரிக்கவில்லை. தாடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அவள் கண்கள் என்மேல் இல்லை, நேரே முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்கில் இருந்தன.

எக்ஸிட்டில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பெட்ரோல் போடும் முதல் கேஸ் ஸ்டேஷனில் நிறுத்தினேன். ஆன்ட்டி ஓடிவந்து தாடியை விலக்கிப் பார்த்தார். "உதடு நீலம். தூக்கு." தம்பியும் அவரும் அவளை ஸ்டேஷன் வேகனில் ஏற்றினார்கள். அவள் ஹீட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். பேச முடியவில்லை. ஆன்ட்டி கதவைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "வரியா?"

அப்போதுதான் பனி விழ ஆரம்பித்திருந்தது. என் கோட்டுக் கையில் முதல் துகள்கள். திரும்பிப் பார்த்தேன். திறந்து கிடந்த கார், கருப்பு சீட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள்.

"நீங்க போங்க ஆன்ட்டி. பின்னாலயே வந்துடறேன்."

அவர் வண்டிக்குள் ஏறினார். கதவு சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

நான் பின்னால் போகவில்லை. கேஸ் ஸ்டேஷன் கழிவறையில் வெந்நீர் வந்தது. கடையில் காப்பிக் கோப்பைகள் வாங்கி, அவற்றில் வெந்நீர் பிடித்து வந்து மூட்டுகளில் ஊற்றினேன். போனேன், வந்தேன், ஊற்றினேன். எண்ணெய் இளகி என் விரல் வழியே ஒழுகியது. அவள் தலை வாசனை. தனியாகக் கூரையைத் தூக்கி இழுத்தபோது பின்பக்கப் பிளாஸ்டிக் குறுக்காக விரிசல் விட்டது. 'ஐயோ' என்று வாய்விட்டுச் சொன்னேன். அன்று மாலை முழுவதும் நான் சொன்ன ஒரே ஐயோ அதுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது தாத்தா உடுப்போடு தம்பி வாசலருகே நாற்காலியில் இருந்தான். தாடி மடியில் இருந்தது. எதிரே ஒரு குழந்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கேலி எதுவும் செய்யவில்லை.

"எங்கண்ணே போனீங்க? இப்ப வந்துருவாரு, இப்ப வந்துருவாருன்னு அக்காட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிட்டு."

உள்ளே அவள் சாய்ந்து படுத்திருந்தாள். முகத்தில் மாஸ்க், அதிலிருந்து மருந்துப் புகை. பட்டுப்புடவையின் சரிகை போர்வைக்கு வெளியே தொங்கியது. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. ஆன்ட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் அவள் மாஸ்கை ஒரு விரலால் தூக்கினாள்.

"மூடியாச்சா?"

"மூடியாச்சு," என்றேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அவள் காரைப் பற்றி விசாரிக்கிறாள் என்று. "பின்னாடி பிளாஸ்டிக் மட்டும் கொஞ்சம் விரிஞ்சிடுச்சு."

அவள் மாஸ்கை மறுபடி வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். ஆன்ட்டி சுவரில் மாட்டியிருந்த பெட்டியிலிருந்து கை துடைக்கும் காகிதத் துண்டுகள் இரண்டை உருவி என் கையில் கொடுத்தார். அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். விரலிடுக்குகளில் எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

ஏன் தாமதம் என்று சபையில் கேட்டவர்களிடம், பனியில் வழி தவறிவிட்டது என்றேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்தக் கீர்த்தனையை வேறொரு பெண் பாடினாள். நீண்ட வரி வந்தபோது என் மனைவியின் விரல் மடியில் ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது. அதற்குப் பிறகு குழுவில் பின்வரிசையில் நின்று பாடியிருக்கிறாள். தனியாகப் பாடக் கேட்டால், மூச்சு பத்தாது என்று சொல்லிவிடுவாள்.

காரை விற்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. நானும் விற்கவில்லை. அவள் ரயிலிலும் பஸ்ஸிலும் வேலைக்குப் போனாள். பிறகு ஓட்டப் பழகி, நான்கு கதவும் இரும்புக் கூரையும் உள்ள ஒரு காரைத் தானே பார்த்து வாங்கினாள். நான் விரிசலுக்கு டேப் ஒட்டி, இன்னும் சில பனிக்காலங்கள் கூரையை இறக்கிவிட்டு ஓட்டினேன். விறகுப் புகையும் ஆற்றின் உப்பும் முன்போலவே வந்தன. அவள் இல்லாத சீட்டைப் பார்த்து நான் உருகிப்போனேன் என்று எழுத ஆசைதான். அது பொய். முதல் வருஷம் எனக்குச் சந்தோஷம் குறையவே இல்லை. குறையத் தொடங்கியது பிறகு, எந்த நாள் என்று தெரியாமல்.

டெக்சாஸுக்கு வேலை மாறியபோது காரை விற்றேன். இங்கே பிளானோவில் வருஷம் முழுவதும் கூரையை இறக்கி வைக்கலாம். என்னிடம் கூரை இறங்கும் கார் இல்லை. கண் மங்கியதிலிருந்து என்னிடம் காரே இல்லை, அவள்தான் ஓட்டுகிறாள்.

போன மாதம் ஒருநாள் காய்கறிக் கடைக்குப் போகிற வழியில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எதுக்கு? எண்ணெய்க்கா?"

"இல்ல. கேஸ் ஸ்டேஷன்ல நின்னதுக்கு."

அவள் கண்ணாடியில் பார்த்து லேன் மாறினாள். "வழி தவறிடுச்சுன்னு சொன்னீங்களே," என்றாள். ஹீட்டர் போட்டிருந்தாள், உள்ளே புழுக்கமாக இருந்தது, வெளியே நல்ல வெயில்.

"கண்ணாடிய கொஞ்சம் இறக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் 'உங்க இஷ்டம்' என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"வேண்டாம்," என்றாள். சொல்லிவிட்டு, தன் பக்கத்திலிருந்து கண்ணாடிகளைப் பூட்டும் பட்டனையும் அழுத்தினாள்.